தவிர்க்க வேண்டியவை

மூன்று கருவிகளைத் துணி விரித்து வைத்தேன்.
குன்வோர் கையுறையைக் கழற்றவில்லை.
"இதோடுதான் ஓட்டுகிறேன், இதோடுதான் தொடுவேன்."
முதல் திரைக்கு அவள் விரல் விரலாகவே படவில்லை.
ஒன்று போயிற்று.

வெளியே ஓலெசுண்ட் துறைமுகத்தில்
மழை படுத்தவாக்கில் பெய்துகொண்டிருந்தது.
ஏப்ரலில் இங்கே அதற்கு நல்ல வானிலை என்று பெயர்.
மீன் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து
உப்பு வாசனை காயாமல் வந்திருந்தாள்.
அவள் ஜாக்கெட்டிலிருந்து என் கடைத் தரையில்
சின்னதாக ஒரு குளம்.

"போனே போதும் என்கிறான் தம்பி."
போதாது என்றேன்.
எஞ்சின் நடுக்கம் அதன் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்;
குளிரில் பேட்டரி மயங்கும்;
நாலு துளி விழுந்தால் திரை
தன் பாட்டுக்கு யாரையாவது அழைக்கும்.
"போன வாரம் பல் டாக்டரை அழைத்தது.
எடுத்துவிட்டார். என்ன செய்ய,
வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டேன்."

இரண்டாவது பெரியது, விலையும் அப்படி.
"சுரங்கத்துக்குள் என்ன செய்யும்?"
இந்தக் கரையில் பிறந்தவர்கள் கேட்கிற கேள்வி.
மலைக்கு அடியில், கடலுக்கும் அடியில்,
எந்தச் செயற்கைக்கோளும் எட்டிப் பார்க்காத தூரம்.
பெரியது அங்கே உறைந்துபோகும்;
வெளியே வந்ததும்
திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் விழிக்கும்.
மூன்றாவது மட்டும்
கடைசியாகத் தெரிந்த வேகத்தை நம்பி
இருட்டில் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டே இருக்கும்.
"தப்பாகவா?"
"கொஞ்சம் தப்பாக. ஆனால் நிற்காது."
அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் ஒரு பட்டியல் உண்டு: தவிர்க்க வேண்டியவை.
சுங்கச்சாவடி? "கட்டித் தொலைக்கிறேன்."
கார் ஏற்றும் படகு? "படகில் வாஃபிள் சூடாகக் கிடைக்கும். இருக்கட்டும்."
ஜல்லிச் சாலை? சிரித்தாள்.
நெடுஞ்சாலை? "அதை யோசிக்காமல் வெட்டு."
கடைசி வரி: வரைபடத்தில் ஓர் இடம்.
"எந்த இடமுமா?"
"எந்த இடமும்."

அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.
படகுத்துறை தாண்டி, ஃபியோர்டின் இடக்கரையில்,
சாலை தண்ணீரை முழங்கையால் இடிக்கிற ஒரு வளைவு.
அதற்குப் பெயர்கூட இல்லை.
சுற்றி ஒரு கட்டம் போட்டாள், நகத்தளவு.
பிறகு இருபுறமும் பிடித்து இழுத்தாள்,
தீப்பெட்டி அளவு.

சோதிக்க, அவள் அக்கா வீட்டுக்கு வழி கேட்டோம்.
பதினெட்டு நிமிடப் பயணம்
ஒரு மணி ஐம்பது ஆயிற்று.
மலையைச் சுற்றி வளைத்து மூக்கைத் தொட்டது நீலக்கோடு.
ஏன் என்று கருவி கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
நவம்பரிலிருந்து அந்த வளைவில்
தடுப்புக் கம்பி நாலு மீட்டர் மட்டும் புதுசாக மின்னுவதை
இந்தப் பக்கம் போகிற எல்லாரும்தான் பார்க்கிறோம்.
ரசீது அடித்தேன்.
கைப்பிடியில் பூட்டும் திருகாணிகளை
இரண்டு அதிகமாகவே போட்டுக் கொடுத்தேன்.

ஜூலையில் மறுபடி வந்தாள், கன்னத்தில் ஹெல்மெட் தழும்போடு.
பழுதா என்றேன்.
"இல்லை. நீ சொன்ன மாதிரியே,
சுரங்கத்தில் கொஞ்சம் தப்பாகப் போகிறது."
கருவியை மேசையில் வைத்தாள்.
"இந்தக் கட்டம். அழிக்க வேண்டாம்.
இடப்பக்கம் மட்டும் சின்னதாக்க முடியுமா?
அங்கே பண்ணை வாசலில் ஒருத்தி
ஸ்ட்ராபெரி விற்கிறாளாம்."

மூலையைப் பிடித்து இழுக்கப் போனேன்.
"எப்படி என்று சொல், போதும்."
சொன்னேன்.
இழுத்தாள், நிறுத்தினாள், இன்னும் ஒரு மயிரிழை இழுத்தாள்.

வலப்பக்கத்தைத் தொடவில்லை.